சாதன இயக்கிகளில் போட்டி நிலைப் பிழைகளும் அவற்றைத் திருத்தும் முறைகளும்

போட்டி நிலை என்பது, ஒரே தரவை ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல் ஓட்டங்கள் கையாளும்போது, அவற்றுள் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிப்போகும் ஒரு வகைப் பிழை ஆகும். ஆங்கிலத்தில் இதனை ரேஸ் கண்டிஷன் என்பர். கணினி நிரல்கள் எவற்றிலும் இப்பிழை வரக்கூடும் என்றாலும், இயங்குதளத்தின் சாதன இயக்கிகளில் இது வருவதற்கான வாய்ப்பும் அதிகம், வந்தால் விளையும் கேடும் அதிகம். இப்பிழை எவ்வாறு தோன்றுகிறது, ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை, எவ்வாறு திருத்தப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் கர்னலில் இருந்து தரப்பட்டுள்ளன. அதன் மூலநிரல் எவரும் படிக்கக்கூடியதாக இருப்பதே காரணம்.

சாதன இயக்கி

கணினியுடன் இணைந்த விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை, அச்சுப்பொறி போன்ற ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி மொழி உண்டு. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் சாதனம் என்ன செய்யும் என்பதை அறிந்த நிரலே சாதன இயக்கி. பயனர் நிரல் 'இந்தக் கோப்பைப் படி' என்று கேட்கிறது. இயங்குதளம் அதனை இயக்கியிடம் ஒப்படைக்கிறது. இயக்கி அதைச் சாதனத்துக்குப் புரியும் கட்டளையாக மாற்றுகிறது.

லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டிலும் பெரும்பாலான இயக்கிகள் கர்னலுக்கு உள்ளேயே இயங்குகின்றன. கர்னலின் நினைவகம் முழுவதையும் தொடும் உரிமை அவற்றுக்கு உண்டு. ஆகவே, ஒரு சாதாரணப் பயன்பாட்டு நிரலில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். இயக்கியில் பிழை நேர்ந்தால் கணினியே நின்றுபோகலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கர்னலின் பல பதிப்புகளை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட ஆய்வில், இயக்கிகளின் நிரலில் பிழை விகிதம் கர்னலின் ஏனைய பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகமாக இருந்ததாகக் கண்டனர்.

பிழை எவ்வாறு தோன்றுகிறது

ஒரு எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் இயக்கியிடம் தரவைத் தற்காலிகமாக வைப்பதற்கான இடையகங்கள் சில உள்ளன. எத்தனை இடையகங்கள் காலியாக உள்ளன என்பதை ஒரு மாறியில் அது குறித்து வைத்திருக்கிறது. இடையகம் கேட்டு வரும் நிரல் செய்ய வேண்டியவை மூன்று: எண்ணைப் பார்க்க வேண்டும், அது சுழியைவிடப் பெரிதா எனச் சரிபார்க்க வேண்டும், பெரிதானால் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டு இடையகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரே ஓர் இடையகம்தான் காலியாக இருக்கிறது எனக் கொள்வோம். அ, ஆ என்னும் இரண்டு ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன.

1. அ எண்ணைப் பார்க்கிறது. 1 என உள்ளது.
2. ஆ எண்ணைப் பார்க்கிறது. அதற்கும் 1 எனவே தெரிகிறது.
3. அ எண்ணை 0 ஆக்கி, இடையகத்தை எடுத்துக்கொள்கிறது.
4. ஆவும் எண்ணை 0 ஆக்கி, அதே இடையகத்தை எடுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரே இடையகம் இரண்டு பேர் கையில் இருக்கிறது. அ எழுதியதன் மேல் ஆ எழுதும். நிரலின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே பார்த்தால் சரிதான். பிழை எந்த வரியிலும் இல்லை. 'பார்ப்பதற்கும்' 'மாற்றுவதற்கும்' இடையில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

ஒரு மாறியின் மதிப்பை ஒன்று கூட்டுவது போன்ற, ஒரே வரியில் எழுதப்படும் செயலுக்குள்ளும் இந்த இடைவெளி உண்டு. நினைவகத்தில் இருந்து எடுத்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என மூன்று படிகளாகவே அது பொதுவாக நடைபெறுகிறது. இருவர் ஒரே நேரத்தில் கூட்டினால், 41 என்னும் எண் 43 ஆவதற்குப் பதிலாக 42 இல் நின்றுவிடக்கூடும்.

இயக்கிகளில் இது ஏன் மிகுதி

ஒரு பயன்பாட்டு நிரலை எழுதுபவர், தம் நிரலில் எத்தனை இழைகள் ஓடுகின்றன என்பதைத் தாமே முடிவு செய்கிறார். இயக்கி எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய நிரலுக்குள் பல வாசல்கள் வழியாக, எந்நேரமும், எவரும் நுழையலாம்.

* பல கோர்கள்: இன்றைய செயலி ஒன்றுக்குள் நான்கு, எட்டு எனப் பல கோர்கள் உள்ளன. இரண்டு பயனர் நிரல்கள் ஒரே சாதனத்தை அழைத்தால், ஒரே இயக்கியின் நிரல் இரண்டு கோர்களில் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடும்.

* குறுக்கீடு: சாதனம் தன் வேலையை முடித்ததும் செயலிக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்புகிறது. செயலி செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு, இயக்கியின் குறுக்கீட்டுக் கையாளியை ஓட்டுகிறது. நிறுத்தப்பட்டதும் அதே இயக்கியின் நிரலாக இருக்கலாம். எனவே ஒரே ஒரு கோர் உள்ள கணினியிலும் போட்டி நிலை வரலாம்.

* ஒத்திவைத்த வேலைகள்: நேரக்கணிப்பிகள், பணி வரிசைகள் போன்றவற்றில் இயக்கி ஒப்படைத்த வேலைகள் பின்னொரு கணத்தில், வேறொரு கோரில் தாமாகவே ஓடத் தொடங்கும்.

* சாதனம் பிடுங்கப்படுதல்: யுஎஸ்பி சாதனத்தைப் பயனர் எந்நேரமும் பிடுங்கிவிடலாம். ஒரு நிரல் படித்துக்கொண்டிருக்கும்போதே, இயக்கியின் மற்றொரு பகுதி அச்சாதனத்துக்குரிய நினைவகத்தை விடுவித்துக்கொண்டிருக்கும்.

* சாதனமே ஒரு போட்டியாளர்: வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் செயலியின் துணையின்றி நேரடியாக நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. மென்பொருள் போடும் பூட்டுகளைச் சாதனம் பார்ப்பதில்லை.

எட்டு வினாடிகள்: தெராக்-25

இப்பிழையின் கனத்தை உணர்த்த, சாதனத்தை நேரடியாக இயக்கிய மென்பொருள் ஒன்றின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். தெராக்-25 என்பது கனடாவில் உருவாக்கப்பட்ட, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் கருவி. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்குப் பன்மடங்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் அதனால் உயிரிழந்தனர்.

1986 இல் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்த விபத்துகளுக்குக் காரணம் போட்டி நிலை என்று பின்னர் தெரியவந்தது. கருவியை இயக்குபவர் திரையில் சிகிச்சை வகையைத் தட்டச்சு செய்வார். எலெக்ட்ரான் கற்றை என்பதற்குப் பதிலாக எக்ஸ்-கதிர் என்று தவறாகத் தட்டிவிட்டால், மேலே சென்று அதைத் திருத்துவார். இதற்கிடையே மென்பொருளின் இன்னொரு பகுதி கருவியின் காந்தங்களை அமைக்கத் தொடங்கிவிடும். அதற்கு ஏறத்தாழ 8 வினாடிகள் ஆகும். அந்த எட்டு வினாடிக்குள் திருத்தம் செய்யப்பட்டால், மென்பொருளின் ஒரு பகுதி அதைக் கவனித்தது. மற்றொரு பகுதி கவனிக்கவில்லை. கற்றையின் வலிமை ஒரு சிகிச்சைக்கும், கற்றைக்குக் குறுக்கே நிற்கும் அமைப்பு வேறொரு சிகிச்சைக்கும் உரியதாக அமைந்துவிட்டன.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களுக்கு இப்பிழை தோன்றவே இல்லை. வேலையில் கைதேர்ந்து விரைவாகத் தட்டக்கூடியவரிடமே அது வெளிப்பட்டது. அதே வேகத்தில் தட்டிப் பார்த்த பின்னரே மருத்துவமனையில் இருந்தவர்களால் பிழையை மீண்டும் வரவழைக்க முடிந்தது. இரண்டாவது, இதற்கு முந்தைய தெராக்-20 கருவியின் மென்பொருளிலும் இதே பிழை இருந்தது. ஆனால் அதில் தனியான வன்பொருள் பாதுகாப்பு இருந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை; பிழை இருப்பதே தெரியாமல் போயிற்று. புதிய கருவியில் அந்த வன்பொருள் பாதுகாப்பு நீக்கப்பட்டு, பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது.

'இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்' என்னும் வாதம் போட்டி நிலைக்குப் பொருந்தாது என்பதே இதன் பாடம்.

பிழையைக் கண்டறிதல்

போட்டி நிலைப் பிழை ஆயிரம் முறை ஓட்டினாலும் வராமல் இருந்து, ஆயிரத்தோராவது முறை வரலாம். ஆராய்வதற்காக இடையிடையே செய்தி அச்சிடும் வரிகளைச் சேர்த்தால், அவ்வரிகள் உண்டாக்கும் தாமதத்தாலேயே பிழை மறைந்துவிடுவதும் உண்டு. எனவே வெறும் சோதனை ஓட்டங்களை நம்பாமல், அதற்கென அமைந்த கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸ் கர்னலில் உள்ள சில:

* லாக்டெப்: 2006 முதல் கர்னலில் உள்ளது. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறது என்னும் வரிசையைக் குறித்துக்கொண்டே வருகிறது. ஓரிடத்தில் ஒரு வரிசையும் வேறோரிடத்தில் அதற்கு எதிர் வரிசையும் கண்டால் எச்சரிக்கிறது. கணினி உண்மையில் முடங்கிப்போகும்வரை அது காத்திருப்பதில்லை.

* கேசான்: விடுவிக்கப்பட்ட நினைவகத்தை எந்த நிரலாவது மீண்டும் தொட்டால் உடனே காட்டிக்கொடுக்கிறது. போட்டி நிலையின் விளைவுகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

* கேசிசான்: 2020 இல் வெளிவந்த 5.8 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நினைவகத்தைத் தொடும் செயல்களுள் சிலவற்றை அவ்வப்போது தேர்ந்தெடுத்து, அவற்றைச் சிறிது நேரம் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளியில் வேறு எவரேனும் அதே இடத்தைத் தொடுகின்றனரா என்று பார்க்கிறது.

* சிஸ்காலர்: இயங்குதள அழைப்புகளைப் பலவிதமாகக் கலந்து, இடைவிடாமல் கர்னலுக்கு அனுப்பி, அதைத் தடுமாற வைக்க முயலும் சோதனைக் கருவி.

கருவிகள் பிழை வெளிப்பட்ட இடத்தைக் காட்டும். அதற்கான காரணத்தை நிரலைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

திருத்தும் முறைகள்

இயக்கி எழுதுவோரிடையே ஒரு பழைய அறிவுரை உண்டு: பூட்ட வேண்டியது நிரலை அன்று, தரவை. 'இந்த வரிகளைச் சுற்றிப் பூட்டு போடலாமா?' என்று கேட்பது பயன் தராது. 'இந்தத் தரவை யார் யார் தொடுகிறார்கள்? அவர்கள் அனைவரும் எந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறார்கள்?' என்று கேட்க வேண்டும். பத்து இடங்களில் தொடப்படும் ஒரு மாறிக்கு ஒன்பது இடங்களில் பூட்டு இருந்து, பத்தாவது இடத்தில் இல்லாவிட்டால், அந்த ஒன்பது பூட்டுகளாலும் பயனில்லை.

பகிர்வை நீக்குதல்

மிகச் சிறந்த திருத்தம் பகிர்வையே ஒழிப்பது. ஒரு பொது மாறியை ஒவ்வொரு சாதனத்துக்கும், அல்லது ஒவ்வொரு கோருக்கும், தனித்தனி மாறியாகப் பிரித்துவிட முடிந்தால் போட்டிக்கே இடமில்லை.

அட்டாமிக் செயல்கள்

ஓர் எண்ணைக் கூட்டுவது, குறைப்பது, ஒரு பிட்டைச் சரிபார்த்து மாற்றுவது போன்ற சிறு வேலைகளை இடையில் எவரும் புக முடியாதபடி செய்யும் கட்டளைகளைச் செயலிகள் வழங்குகின்றன. இவை அட்டாமிக் செயல்கள் எனப்படும். எண்ணிக்கைகளுக்கு இவை போதும். ஆனால் இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டுமானால், ஒவ்வொன்றையும் தனித்தனியே அட்டாமிக் ஆக்குவதால் பயனில்லை. இரண்டுக்கும் இடையே மீண்டும் ஓர் இடைவெளி உண்டாகிவிடும்.

மியூடெக்ஸ்

மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. அது கிடைக்காதவர் உறங்கிக் காத்திருப்பார். அதுவரை செயலி வேறு வேலையைப் பார்க்கும். நேரம் எடுக்கும் வேலைகளுக்கும், பயனர் நிரலின் நினைவகத்தில் இருந்து தரவை நகலெடுக்கும் இடங்களுக்கும் இது ஏற்றது. ஆனால் குறுக்கீட்டுக் கையாளி உறங்கக் கூடாது. எனவே அங்கே மியூடெக்ஸை எடுக்கக் கூடாது.

சுழல் பூட்டு

சுழல் பூட்டு கிடைக்காதவர் உறங்குவதில்லை. கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருப்பார். எனவே மிகக் குறுகிய வேலைகளுக்கே இது பொருந்தும். இதைக் கையில் வைத்திருக்கும்போது உறங்கக்கூடிய எந்தச் செயலையும் அழைக்கக் கூடாது.

இங்கு மாணவர்கள் பலரும் தடுக்கி விழும் ஓரிடம் உண்டு. இயக்கியின் சாதாரண நிரல் ஒரு கோரில் சுழல் பூட்டை எடுக்கிறது. அந்நேரம் அதே கோரில் குறுக்கீடு வருகிறது. குறுக்கீட்டுக் கையாளியும் அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருப்பவர் அதை விடுவிக்க வேண்டுமானால் கையாளி முடிய வேண்டும். கையாளி முடிய வேண்டுமானால் பூட்டு கிடைக்க வேண்டும். இரண்டும் நடக்காது. அந்தக் கோர் அப்படியே முடங்கிவிடும். ஆகவே குறுக்கீட்டுக் கையாளியோடு பகிரும் தரவுக்குச் சாதாரண நிரலில் பூட்டு எடுக்கும்போது, அந்தக் கோரில் குறுக்கீடுகளையும் நிறுத்தி வைக்கும் வகையான பூட்டுச் செயலைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸில் அது ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் எனப்படும்.

காத்திருத்தலும் எழுப்புதலும்

தரவு வரும்வரை நிரல் உறங்க வேண்டும். வந்ததும் குறுக்கீட்டுக் கையாளி அதை எழுப்ப வேண்டும். 'தரவு இருக்கிறதா?' என்று பார்த்துவிட்டு, இல்லை என்றதும் உறங்கப் போகும் நிரலைக் கவனியுங்கள். பார்த்ததற்கும் உறங்கியதற்கும் இடையே தரவு வந்து, கையாளி எழுப்பிவிட்டுப் போய்விட்டால், நிரல் அதன் பிறகே உறங்கும். இனி எழுப்ப யாரும் இல்லை. இதைத் தாமே எழுத முயலாமல், கர்னல் வழங்கும் வெயிட்_ஈவென்ட் போன்ற ஆயத்தச் செயல்களைப் பயன்படுத்துவதே முறை. அவை முதலில் காத்திருப்போர் வரிசையில் பெயரைப் பதிந்துகொண்டு, அதன் பின்னரே நிபந்தனையைச் சரிபார்க்கின்றன.

பிடுங்கப்படும் சாதனங்கள்

யுஎஸ்பி சாதனத்தின் தரவமைப்பை எத்தனை பேர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருப்பது வழக்கம். கோப்பைத் திறக்கும்போது ஒன்று கூடும். மூடும்போது ஒன்று குறையும். சாதனம் பிடுங்கப்பட்டதும் 'சாதனம் இல்லை' என்னும் குறிப்பைப் பூட்டின் பாதுகாப்பில் எழுதிவிட வேண்டும். அதன் பின் வருவோர் அக்குறிப்பைப் பார்த்துத் திரும்பிவிடுவர். நினைவகத்தைக் கடைசி ஆள் வெளியேறும்போதுதான் விடுவிக்க வேண்டும்.

இயக்கியை மூடும் வரிசையும் முதன்மையானது. முதலில் சாதனம் குறுக்கீடு அனுப்புவதை நிறுத்த வேண்டும். பின்னர், ஓடிக்கொண்டிருக்கும் கையாளி முடியும்வரை காத்திருந்து குறுக்கீட்டுப் பதிவை நீக்க வேண்டும். அதற்குப் பின் நேரக்கணிப்பிகளையும் ஒத்திவைத்த வேலைகளையும், அவை முடிந்துவிட்டன என்று உறுதியாகும்வரை காத்திருந்து, நீக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னரே நினைவகத்தை விடுவிக்கலாம். வரிசையை மாற்றி, வேலைகளை முதலில் நீக்கினால், இன்னும் உயிரோடு இருக்கும் கையாளி புதிய வேலை ஒன்றை வரிசையில் போட்டுவிடும். தொடங்கும்போது வரிசை தலைகீழ்: தரவமைப்பு முழுவதும் ஆயத்தமான பின்னரே குறுக்கீட்டைப் பதிய வேண்டும். பதிந்த மறுகணமே குறுக்கீடு வரலாம்.

சாதனத்தோடு பகிரும் நினைவகம்

வலையமைப்பு அட்டையோடு பகிரும் குறிப்பேடுகளில் 'இது இப்போது யாருக்குச் சொந்தம்' என்று காட்டும் பிட் ஒன்று இருப்பது வழக்கம். இயக்கி முதலில் முகவரியையும் நீளத்தையும் எழுதி, இறுதியில்தான் அந்தப் பிட்டைச் சாதனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். தொகுப்பியும் செயலியும் எழுதும் வரிசையைத் தம் வசதிக்கு மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், இரண்டுக்கும் இடையே நினைவகத் தடுப்பு என்னும் கட்டளையை இட வேண்டும். இல்லாவிட்டால், முகவரி எழுதப்படும் முன்பே சாதனம் பழைய முகவரியைப் படித்துவிடும்.

ஓர் உண்மை நிகழ்வு: என்_எச்டிஎல்சி

மேற்கண்டவை ஒன்றுசேரும் ஓர் உண்மைப் பிழையை இனிக் காணலாம். என்_எச்டிஎல்சி என்பது தொடர் இணைப்புகளில் எச்டிஎல்சி நெறிமுறைப்படி தரவை அனுப்புவதற்கான லினக்ஸ் இயக்கி. குறிப்பிட்ட ஒரு வன்பொருளுக்கு உரியதன்று. தொடர் இணைப்புக்கான இயக்கியின் மேல் அமர்ந்து வேலை செய்யும் அடுக்கு.

அதில் அனுப்ப வேண்டிய இடையகங்களுக்கு ஒரு பட்டியலும், காலி இடையகங்களுக்கு ஒரு பட்டியலும் இருந்தன. ஒவ்வொரு பட்டியலுக்கும் தனியே சுழல் பூட்டு இருந்தது. இவை தவிர, டிபஃப் என்னும் ஒரு பாயின்டரும் இருந்தது. ஓர் இடையகத்தை அனுப்ப முயன்று முடியாமல் போனால், பிறகு அனுப்புவதற்காக அதனை டிபஃப் நினைவில் வைத்துக்கொள்ளும்.

2009 இல், அனுப்பாமல் நிற்கும் தரவை எல்லாம் கழித்துவிடும் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. அது அனுப்ப வேண்டிய பட்டியலைக் காலி செய்தது. டிபஃப் ஏதேனும் ஓர் இடையகத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், பூட்டை எடுத்துக்கொண்டு அதனையும் காலிப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தரவை அனுப்பும் பகுதி, டிபஃப் பாயின்டரைப் பூட்டு எதுவும் இன்றியே பார்த்தது, மாற்றியது.

விளைவு: ஒருமுறை அனுப்புதல் தோல்வியுற்ற பின், இரண்டு ஓட்டங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. அனுப்பும் பகுதி டிபஃப் காட்டும் இடையகத்தை எடுத்து அனுப்பி, முடிந்ததும் காலிப் பட்டியலில் சேர்க்கிறது. அதே நேரம், கழிக்கும் பகுதியும் அதே இடையகத்தைக் காலிப் பட்டியலில் சேர்க்கிறது. ஒரே இடையகம் பட்டியலில் இருமுறை இடம்பெறுகிறது. இயக்கி மூடப்படும்போது அதன் நினைவகம் இருமுறை விடுவிக்கப்படுகிறது. முதல் விடுவிப்புக்குப் பின் அந்த நினைவகம் வேறொருவருக்குப் போயிருக்கலாம். எனவே சாதாரணப் பயனர் ஒருவர் இதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தி, கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்ற நிலை உண்டாயிற்று. இதற்கு அந்த வன்பொருள் கணினியில் இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. இயக்கி தொகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்த கணினிகளில், சாதாரணப் பயனரின் ஓர் அழைப்பாலேயே அது தானாக ஏற்றப்பட்டது.

சிஸ்காலர் கருவி உண்டாக்கிய ஒரு தடுமாற்றத்தை ஆராய்ந்த அலெக்சாண்டர் பொபோவ் இதைக் கண்டறிந்தார். 2017 மார்ச் மாதம் பிழை அறிவிக்கப்பட்டு, அவர் எழுதிய திருத்தமும் வெளியானது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இப்பிழை கர்னலில் இருந்திருக்கிறது.

திருத்தம் எவ்வாறு அமைந்தது என்பதே நமக்கு வேண்டிய பாடம். டிபஃப் பாயின்டரைச் சுற்றி மேலும் ஒரு பூட்டு போடப்படவில்லை. அந்தப் பாயின்டரே நீக்கப்பட்டது. அனுப்ப முடியாமல் போன இடையகம் இனி அனுப்ப வேண்டிய பட்டியலின் முன்பகுதிக்கே திரும்பிச் செல்லும். இயக்கி தானாக எழுதி வைத்திருந்த பட்டியலுக்குப் பதிலாகக் கர்னலின் பொதுவான பட்டியல் அமைப்பும் பயன்படுத்தப்பட்டது. இப்போது எந்த இடையகமும் எக்கணத்திலும் ஒரு பட்டியலில் இருக்கும், அல்லது ஒருவர் கையில் இருக்கும். இரண்டு இடத்தில் இருக்க வழியில்லை. பழைய நிரலில் பூட்டுகளுக்குக் குறைவில்லை. 'இந்த இடையகம் இப்போது யாருடையது?' என்ற கேள்விக்கு ஒரே விடைதான் இல்லாமல் இருந்தது.

தவறான திருத்தங்கள்

* தாமதம் சேர்த்தல்: சில மில்லிவினாடிகள் காத்திருக்கச் செய்தால் பிழை மறைவதுபோல் தோன்றும். இடைவெளி இடம் மாறியிருக்கும், மூடியிருக்காது. வேறொரு கணினியில், வேறொரு வேகத்தில் மீண்டும் வரும்.

* பூட்டுக்கு வெளியே சரிபார்த்தல்: நிபந்தனையை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பூட்டை எடுத்து மாற்றுவது. பூட்டு கிடைப்பதற்குள் நிபந்தனை மாறியிருக்கலாம். பூட்டை எடுத்த பின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

* வாலடைல் என்னும் சி மொழிச் சொல்லை நம்புதல்: அது தொகுப்பியைத் தான் கட்டுப்படுத்தும், இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் தொடுவதைத் தடுக்காது.

* எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டு: இது சரியான விளைவைத் தரலாம், ஆனால் மற்றவர்கள் அனைவரையும் காக்க வைக்கும். லினக்ஸ் 1996 இல் வெளிவந்த 2.0 பதிப்பில் பல செயலிகளைத் தாங்கத் தொடங்கியபோது, கர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டைத்தான் பயன்படுத்தியது. அதைச் சிறிது சிறிதாகப் பிரித்து, முற்றிலும் நீக்கி முடித்தது 2011 இல் வந்த 2.6.39 பதிப்பில்தான்.

* பூட்டுகளை வரிசையின்றி எடுத்தல்: ஒருவர் முதல் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கும், மற்றவர் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதற்கும் காத்திருந்தால் இருவரும் நகர மாட்டார்கள். இதுவே டெட்லாக் எனப்படும் முட்டுநிலை. எல்லா இடங்களிலும் ஒரே வரிசையில் பூட்டுகளை எடுப்பதே இதற்குத் தீர்வு.

திருத்துவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

இயக்கி ஒன்றைப் படிக்கும் மாணவர் ஒரு தாளை எடுத்து, பகிரப்படும் ஒவ்வொரு தரவுக்கும் எதிரே கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகலாம்.

1. இத்தரவை எந்தெந்தச் செயல்கள் படிக்கின்றன, எவை மாற்றுகின்றன?
2. அவற்றுள் எவை குறுக்கீட்டில் ஓடுகின்றன? எவை உறங்கக்கூடும்?
3. இத்தரவைக் காக்கும் பூட்டு எது? எல்லா இடங்களிலும் அதே பூட்டுதானா?
4. பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையே பூட்டு விடுபடுகிறதா?
5. இத்தரவின் நினைவகத்தை விடுவிப்பவர் யார்? அப்போது வேறு எவரும் அதைத் தொட மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?
6. இத்தரவைப் பகிராமலேயே இருக்க வழி உண்டா?

விடை கண்டபின், எந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பதை அத்தரவின் அறிவிப்புக்கு அருகிலேயே ஒரு வரிக் குறிப்பாக எழுதி வைப்பது நல்ல வழக்கம். பல ஆண்டுகள் கழித்து அந்த இயக்கியில் புதிய வசதி சேர்க்க வருபவர் வேறொருவராக இருப்பார். அவர் அந்த ஒழுங்கை அறிந்து நடக்க அந்த ஒரு வரி உதவும்.